இணைய வகுப்பில் மாணவர்கள் கேள்வியே கேட்பதில்லை. கலந்துரையாடலை எப்படி அமைப்பது?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். பகுதிநேரப் பட்டப்படிப்பில் பொதுச் சுகாதாரத் தரவு பற்றிய பாடம். 13 வாரம், 36 மாணவர்கள், எல்லாரும் பகலில் வேலை பார்ப்பவர்கள். மூன்று நேரடி வகுப்பு போக மற்றதெல்லாம் இணையம்தான்: வாரம் ஒரு ஜூம், கேன்வாஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஒரு கலந்துரையாடல். கலந்துரையாடலுக்கு மொத்தத்தில் 10 மதிப்பெண். விதி எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஒரு பதிவு, இரண்டு மறுமொழி, ஞாயிறு இரவு 11.59-க்குள்.

ஞாயிறு பத்து மணிக்கு மேல்தான் ஆள் நடமாட்டமே தெரிகிறது. "நல்ல கருத்து, நானும் ஒத்துப்போகிறேன்" என்று தொடங்கி, பாடக்குறிப்பில் உள்ளதைத் திருப்பி எழுதுகிறார்கள். ஒரு வாரத்துக்கு 108 பதிவு வருகிறது, அதில் உண்மையான கேள்வி ஒன்றிரண்டு தேறினால் அதிகம். ஜூமில் "ஏதாவது சந்தேகம்?" என்றால் மயான அமைதி. சில பதிவுகளில் சாட்ஜிபிடி வாடை வேறு.

சென்ற வாரம் நான் கொடுத்த தலைப்பு இது: "சிங்கப்பூரில் டெங்கி பரவுவதற்கான காரணங்களை விவாதிக்கவும்." எங்கே மாற்ற வேண்டும்?

---

தரவுப்பித்தன்:

முதலில் அந்த வரியை மாற்றுங்கள். "காரணங்களை விவாதிக்கவும்" என்றால் காரணங்கள் ஏற்கெனவே யாருக்கோ தெரியும், பட்டியல் போட்டால் போதும் என்று அர்த்தம். முதல் ஆள் ஐந்து காரணம் எழுதிவிட்டால் மற்ற 35 பேருக்கும் "ஒத்துப்போகிறேன்" தவிர வேறு என்ன மிச்சம்?

தேடல் தொடங்க வேண்டுமானால் கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று இடிக்க வேண்டும். உங்கள் டெங்கியிலேயே அது இருக்கிறது. 2020 ஏப்ரல் 7-இல் கொவிட் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கி ஊரே வீட்டுக்குள் அடைந்தது. அதே ஆண்டு டெங்கிச் சம்பவங்கள் 35,000-ஐத் தாண்டின. அதற்கு முந்தைய உச்சம் 2013-இல் 22,000 சொச்சம். ஜூலையில் ஒரே வாரத்தில் 1,700-க்கும் மேல். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வாராந்தரத் தொற்றுநோய் எண்ணிக்கை கிடைக்கும். அதில் 2019, 2020 இரண்டை மட்டும் வரைபடமாக்கி, ஏப்ரல் 7-இல் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். கீழே இரண்டே வரி: "இந்தப் படத்தில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லுங்கள். அது ஏன் அப்படி என்று கண்டறிய இன்னும் என்ன தகவல் வேண்டும்?"

வேலை செய்வது இரண்டாவது வரிதான். விடையைக் கேட்காமல், விடை தேடத் தேவையான பொருளைக் கேட்கிறது.

பெரும்பாலும் எல்லாரும் ஒரே முடிவுக்கு ஓடுவார்கள்: ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, மக்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான் என்று. ஓடட்டும், தடுக்காதீர்கள். நான்காம் நாள் அடுத்த படத்தைப் போடுங்கள்: 2021. அந்த ஆண்டும் ஏராளமானோர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள், ஆனால் சம்பவங்கள் 5,000 சொச்சம்தான். இப்போது அந்த அழகான விளக்கம் தள்ளாடும். டெங்கிக் கிருமியின் வகைகளில் பல ஆண்டுகள் டென்வி-2 முன்னணியில் இருந்தது, 2020-இல் டென்வி-3 தலைதூக்கியது என்பதைத் தானாகத் தேடி எடுத்து வருபவர் அப்போதுதான் கிளம்புவார். முதல் நாளே 2021-ஐயும் சேர்த்துக் காட்டினால் இடிப்பது எதுவும் இருக்காது, "பல காரணங்கள் உள்ளன" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு பொறி: அந்தத் தரவில் தேதி இருக்காது, வார எண்தான் இருக்கும். வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். ஏப்ரல் 7 விழுவது 15-ஆம் வாரத்தில். மாணவர்களில் பாதிப் பேர் ஜனவரி 1-இலிருந்து ஏழேழாக எண்ணிக் கோட்டைத் தவறான இடத்தில் போடுவார்கள். திருத்தாமல் விட்டுவைத்தால் யாராவது ஒருவர் "உங்கள் கோடு ஏன் என் கோட்டோடு பொருந்தவில்லை?" என்று கேட்பார். அப்புறம், கொசு கடித்து காய்ச்சல் வர ஏறக்குறைய 4 முதல் 10 நாள், அதற்கு முன் கொசுவின் உடலில் கிருமி முதிர 8 முதல் 12 நாள். ஆக, ஏப்ரல் 7-இல் நடந்த மாற்றத்தின் விளைவை ஏப்ரல் 8-இல் தேடுவது வீண். இதை நீங்கள் சொல்லாதீர்கள். "கோட்டுக்கு அடுத்த வாரமே விளைவு தெரிய வேண்டுமா?" என்று ஒரே ஒரு கேள்வியாகப் போடுங்கள்.

---

கிளமெண்டிக்காரி:

மேலே சொன்னதோடு கால அட்டவணையையும் மாற்றுங்கள். ஒற்றைக் கடைசி நேரம் வைத்தால் எல்லாரும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் வருவார்கள், வந்தவர்களுக்கு மறுமொழி சொல்ல ஆளிருக்காது. வாரம் ஒரு கலந்துரையாடல் திரி வேண்டாம். 10 நாளுக்கு ஒரு திரி, நடுவில் மூன்று படி. புதன் இரவுக்குள் கவனித்ததும் கேள்வியும், சனிக்குள் வேறொருவரின் கேள்விக்கு ஒரு சான்று, அடுத்த வெள்ளிக்குள் குழுவாக ஒரு பக்கம். 36 பேரை ஒரே திரியில் போடாமல் ஆறு பேராக ஆறு குழு. ஆறில் ஒருவர் காணாமல் போனாலும் திரி ஓடும், நான்கு பேர் குழுவில் இருவர் வெளியூர் போனால் படுத்துவிடும்.

கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000-இல் வகுத்த "கம்யூனிட்டி ஆஃப் இன்க்வயரி" (சேர்ந்து தேடிக் கற்கும் குழு) சட்டகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூண்டல், துழாவல், இணைத்தல், தீர்வு என்று நான்கு கட்டம். அதை வைத்து இணையக் கலந்துரையாடல்களை ஆராய்ந்தவர்கள் மறுபடி மறுபடி கண்டது, பெரும்பாலான பதிவுகள் துழாவலிலேயே நின்றுவிடுகின்றன என்பதுதான். இணைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்பது ஒரு காரணம். அதனால்தான் வெள்ளிக்கிழமைப் பக்கம். அதில் மூன்று பத்தி போதும்: எங்கள் குழுவில் போட்டியிட்ட விளக்கங்கள் எவை, எதை எந்தச் சான்றால் கைவிட்டோம், இன்னும் எது தெரியவில்லை. "எதைக் கைவிட்டோம்" என்ற பத்தி இல்லாவிட்டால் எல்லாருடைய கருத்தையும் ஒட்டி ஒரு அவியல் செய்து அனுப்புவார்கள்.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வரும். விரிவுரையாளர் சீக்கிரம் வாயைத் திறந்துவிடுகிறார். நீங்கள் ஒரு நீண்ட விளக்கம் போட்ட நிமிடமே திரி முடிந்தது, அதற்குமேல் யார் பேசுவார்? முதல் 48 மணி நேரம் விளக்கம் எதுவும் வேண்டாம். முழுக்க ஒளிந்துகொள்ளவும் கூடாது, ஆளே இல்லை என்று நினைப்பார்கள். குழுவுக்கு ஒரு வரி, அதுவும் இரண்டு பதிவுகளைக் கோத்துவிடுவதாக இருக்கட்டும்: "மூன்றாவது பதிவில் வார எண்ணிக்கை, ஐந்தாவதில் மாத எண்ணிக்கை. இரண்டும் ஒன்றையே காட்டுகின்றனவா?"

---

பாயாலேபார் எழுதியது:

கேன்வாஸ் அமைப்புகள் பற்றிச் சுருக்கமாக.

பதிவிட்ட பிறகே மற்றவர் பதிவைப் பார்க்கும் வசதியை இயக்குங்கள். ஆனால் அதில் ஓட்டை உண்டு. வெறும் ஒரு புள்ளியைப் பதிவிட்டு, எல்லாவற்றையும் படித்துவிட்டு, பிறகு திருத்தி எழுதுவார்கள். பாடத்தின் பொது அமைப்பில் மாணவர் தம் பதிவைத் திருத்தவோ நீக்கவோ அனுமதிக்கும் தேர்வை எடுத்துவிட்டால் அடைபடும். எழுத்துப்பிழையைத் திருத்த முடியவில்லையே என்று முனகுவார்கள், முனகட்டும். மூடுல் (கேன்வாஸ் போன்ற இன்னொரு தளம்) பயன்படுத்துவோருக்கு: "கேள்வி பதில்" வகை மன்றம் இதையே செய்கிறது, அதோடு திருத்தும் நேரம் முடிந்த பிறகுதான் மற்றவர் பதிவு தெரியும். நாம் எதையும் மாற்றாவிட்டால் அது 30 நிமிடம். இதைச் சொல்லாமல் விட்டால் "பதிவு போட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று மின்னஞ்சல் குவியும்.

குழுக் கலந்துரையாடலாக அமைத்தால் ஒரு குழுவுக்கு இன்னொரு குழு தெரியாது. வெள்ளிக்கிழமைப் பக்கங்களை மட்டும் பொதுவில் போடுங்கள். வேறொரு குழு வேறொரு முடிவுக்கு வந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் இரண்டாம் சுற்றுக் கேள்விகள் வரும்.

பெயர் தெரியாமல் கேட்க மதிப்பெண் இல்லாத தனித் திரி ஒன்று வையுங்கள். சக ஊழியர், மேலதிகாரி எல்லாம் ஒரே வகுப்பில் இருக்கும் பகுதிநேரப் படிப்பில் இது பெரிய வித்தியாசம் தரும். "ப-மதிப்பு என்றால் என்னவென்று இன்னும் புரியவில்லை" என்று பெயர் போட்டு யார் கேட்பார்?

---

சுண்ணக்கட்டி:

ஜூம் மௌனத்துக்கு. "ஏதாவது சந்தேகம்?" என்பதற்கு "இல்லை" என்பதே மரியாதையான பதில் என்று பள்ளி நாளிலிருந்து பழக்கி வைத்திருக்கிறோம். கேட்காமல் செய்யவையுங்கள்.

கேள்வி உருவாக்கும் பயிற்சி, மொத்தம் 20 நிமிடம். நான்கு பேர் கொண்ட பிரேக்அவுட் அறைகள் (ஜூமுக்குள் பிரியும் சிறு குழு அறைகள்). மையமாக ஒரு வாக்கியம் கொடுங்கள், கேள்வி வேண்டாம். கேள்வியாகக் கொடுத்தால் அதற்கு விடை சொல்ல உட்கார்ந்துவிடுவார்கள். "வீட்டில் இருந்த ஆண்டில் டெங்கி உச்சம்" போதும். 6 நிமிடத்தில் முடிந்தவரை கேள்விகள். விதி நான்கு: எத்தனை வந்தாலும் எழுதுவது, நடுவில் விடை சொல்லவோ விமர்சிக்கவோ கூடாது, சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது, யாராவது அறிக்கையாகச் சொன்னால் கேள்வியாக மாற்றிவிடுவது. அடுத்த 4 நிமிடம், ஆம் இல்லை என்று முடியும் கேள்விகளில் ஒன்றை விரிந்த கேள்வியாகவும் விரிந்த ஒன்றை ஆம்-இல்லையாகவும் மாற்றுவது. இதை விட்டுவிடாதீர்கள், கேள்வியின் வடிவம் விடையின் வடிவத்தை மாற்றுகிறது என்பது கைக்கு எட்டுவது இங்கேதான். பிறகு மூன்றைத் தேர்ந்தெடுத்து ஏன் அவை என்று ஒரு வரி. திரும்பி வந்து பகிர மீதி நேரம்.

கெட்டுப்போகும் இடங்கள். ஆவண இணைப்பை அறைகளைத் திறக்கும் முன்பே சாட்டில் போடுங்கள். திறந்த பிறகு பொது அறையில் போடும் சாட் உள்ளே போய்ச் சேராது, அறிவிப்பாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஆறு நிமிடத்தில் மூன்றாவது நிமிடம் அமைதியாகிவிடும், எளிய கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது உள்ளே நுழைந்து பேசாதீர்கள். பெரும்பாலும் நல்ல கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

பெரிய அறையில் பேசவைக்க: எல்லாரும் சாட்டில் தட்டச்சு செய்து, நீங்கள் "அனுப்புங்கள்" என்னும்வரை என்டர் தட்டாமல் காத்திருக்கட்டும். 36 பதிலும் ஒரே நொடியில் கொட்டும், யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. தெரிவுக் கேள்வி என்றால் ஹார்வர்டின் எரிக் மசூர் முறை: முதலில் தனியாக வாக்கு. சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் அறைகளில் பேசவிட்டு மறுவாக்கு. 30-க்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை, பாடத்தையே திரும்ப எடுங்கள். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

---

எதிர்வாதி:

எல்லாம் சரி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்றும் தெரியாதவரிடம் "நீயே தேடு" என்றால் அவர் தேடுவது கூகிளில்தான். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் 2006-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் அடித்துச் சொன்னது: வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், முன்னறிவு இல்லாதவர்களிடம் எடுபடாது, நினைவாற்றலுக்குச் சுமை. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி நாளொரு சிக்கல் என்று பாடம் நடத்திப் பெயரெடுத்தது, ஆனால் அங்கேயும் சிக்கலைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் போய்விடவில்லை, நாள் முழுக்க படிப்படியான சந்திப்புகள் இருந்தன.

ஆகவே முதல் இரண்டு வாரம் தேடலே வேண்டாம். வார எண் என்றால் என்ன, சம்பவ எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் என்ன வேறுபாடு, பதிவான தேதி வேறு, காய்ச்சல் தொடங்கிய தேதி வேறு என்பதையெல்லாம் நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள். மூன்றாம் வாரம் முழுதாகச் செய்துகாட்டிய ஒரு தேடலைக் கொடுங்கள், தவறான பாதையில் போய்த் திரும்பிய இடமும் அதில் இருக்கட்டும். நான்காம் வாரம் பாதி செய்த தேடல். அதற்கப்புறம் டெங்கிப் படம்.

உங்கள் நேரத்தையும் கணக்கிடுங்கள். வாரம் 108 பதிவு, 10 வாரம், 1,080 பதிவு. பதிவுக்கு 2 நிமிடம் என்றால் 36 மணி நேரம். பகுதிநேர விரிவுரையாளருக்கு அதற்கு யார் சம்பளம் தருகிறார்? எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். ஒவ்வொருவரும் தம் பதிவுகளில் சிறந்த இரண்டைத் தாமே தேர்ந்து, ஏன் சிறந்தது என்று மூன்று வரி எழுதித் தரட்டும், அதற்கு 4 மதிப்பெண். குழுப் பக்கங்களுக்கு 4. பருவத் தொடக்கத்தில் எழுதிய ஒரு கேள்வியைப் பருவ முடிவில் திருத்தி எழுதி, ஏன் மாற்றினேன் என்று சொல்வதற்கு 2. எண்ணிக்கைக்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும்.

---

தமிழ்_மாட்யூல்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எண்களே இல்லாத பாடத்துக்கு, தமிழ் இதழியல் வரலாறு மாதிரி, இது ஒத்துவருமா?

---

தரவுப்பித்தன்:

தாராளமாக. இடிக்கிற பொருள் ஒன்று வேண்டும், அது எண்ணாக இருக்க வேண்டியதில்லை. 'சிங்கை நேசன்' என்ற சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை 1887-இல் தொடங்கியது, தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் தேடிப் பாருங்கள். ஓர் இதழின் செய்திப் பக்கத்தைத் தொடாமல் விளம்பரங்களை மட்டும் கொடுத்து, "இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர் யார்? இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டாம் நாள் செய்திப் பக்கத்தைக் கொடுங்கள், முதல் ஊகம் எங்கே இடறுகிறது என்று பார்க்கட்டும். பழைய அச்சில் ணா, றா, லை எல்லாம் வேறு வடிவம், கணினித் தேடல் பல சொற்களைத் தவறவிடும். பக்கத்தைப் படமாகக் கொடுத்து வாசிக்கச் சொல்வது மேல்.

---

மாலைவகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாட்ஜிபிடி பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், என் புதிய வரைவு இது: "2019, 2020 வரைபடத்தைப் பாருங்கள். மக்கள் வீட்டில் இருந்தும் 2020-இல் டெங்கி ஏன் அதிகரித்தது? உங்கள் கருத்தைச் சான்றுகளோடு 200 சொற்களில் எழுதி, இரண்டு பேருக்கு மறுமொழி கூறுங்கள்."

---

கிளமெண்டிக்காரி:

சாட்ஜிபிடிக்கு: கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் தாமே எழுதியதையும் இயந்திரம் எழுதியதாக அவை காட்டுவதுண்டு, நம் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. பணியை மாற்றுவது எளிது. ஒவ்வொரு கூற்றுக்கும் தரவின் எந்த வாரம், எந்த எண் என்று குறிக்கச் சொல்லுங்கள், இயந்திரம் அங்கேதான் கதை கட்டும். அல்லது சாட்ஜிபிடியின் விடையை நீங்களே மேலே ஒட்டிவிட்டு, "இதில் நம் தரவு தாங்காத வரி எது?" என்று கேளுங்கள். ஒரு சுற்றுக்காவது எழுத்துக்குப் பதில் 90 வினாடிக் குரல்பதிவு வாங்குங்கள், வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுட்டிப் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு.

---

எதிர்வாதி:

வரைவில் கை வைக்கிறேன், கோபம் வேண்டாம். "மக்கள் வீட்டில் இருந்தும் ஏன் அதிகரித்தது" என்று நீங்களே இடிப்பைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டீர்கள். அவர்கள் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. "கருத்து" என்ற சொல்லை எடுங்கள், அதைப் பார்த்தால் கருத்துதான் எழுதுவார்கள். 200 சொல் என்பது நிரப்புவதற்கான அளவு, 80 வையுங்கள். பழைய "இரண்டு பேருக்கு மறுமொழி" மறுபடி உள்ளே நுழைந்திருக்கிறது.

இப்படி:

"படத்தில் சிவப்புக் கோடு 2020 ஏப்ரல் 7. நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கும் ஓரிடத்தை வார எண்ணோடு குறிப்பிடுங்கள். அதை விளக்க இன்னும் என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு கேள்வியாக எழுதுங்கள். 80 சொல், புதன் இரவு 10-க்குள். சனிக்கிழமைக்குள் உங்கள் குழுவில் வேறொருவரின் கேள்வியைத் தேர்ந்து, அதற்கு உதவும் அல்லது அதைக் குலைக்கும் ஒரு சான்றைக் கொண்டு வாருங்கள்."

2021 படத்தைக் கேன்வாஸில் இப்போதே ஏற்றி, ஞாயிறு காலை 8 மணிக்குத் திறக்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். கோப்பின் பெயரில் '2021' என்று வைக்காதீர்கள், கோப்புப் பட்டியலில் பார்த்துவிடுவார்கள்.